இராப் போசனமும் உடலின் கடிகாரமும்

பெங்களூரு நகரின் விசுவேசுவரபுரத்தில், சஜ்ஜன் ராவ் வட்டத்தை ஒட்டி ஒரு தெரு உண்டு. பகற்பொழுதில் அது பிற தெருக்களைப் போன்றே அமைதியாகக் காணப்படும். பொழுது சாய்ந்ததும் கடைதோறும் அடுப்புகள் மூட்டப்படுகின்றன. தோசையும், அக்கி ரொட்டியும், ஒப்பட்டும், பஜ்ஜியும், ஜிலேபியும் சுடச்சுட விற்பனையாகின்றன. மார்கழி, தை மாதங்களில் அவரை விளைச்சல் மிகும்போது கூட்டம் இன்னும் பெருகும். கன்னட மொழியில் இதனைத் 'திண்டி பீதி' என்பர்; தின்பண்டத் தெரு என்று நாம் கூறலாம்.

இத்தெருவுக்கு வருவோரிற் பலர் எப்போதோ ஒரு நாள் வருபவர்கள். ஆகவே அவர்களைப் பற்றி மருத்துவர்கள் கவலைகொள்ள வேண்டுவதில்லை. கவலைக்குரியது, வீட்டிலேயே நாள்தோறும் நிகழும் இராப் போசனமாகும். இந்நகரில் எலெக்ட்ரானிக் சிட்டி 1978-ல் நிறுவப்பட்டது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1985-ல் இங்கே தன் கிளையைத் திறந்தது. அதன் பின்னர்க் கணிப்பொறித் தொழில் நகரை நாற்புறமும் விரித்தது. அலுவலகங்கள் ஒருபுறமும் குடியிருப்புகள் மறுபுறமும் அமைந்தமையால், மாலையில் வீடு திரும்பும் பயணமே ஒரு பெரும் வேலையாகிவிட்டது. காலையில் அவசரத்தில் இரண்டு இட்லி, அல்லது வெறும் காபி. நண்பகலில் கையிற் கிடைத்தது. இரவு ஒன்பது, பத்து மணிக்கு வீடு சேர்ந்த பின்னர் நாள் முழுதும் தேங்கிய பசிக்கெல்லாம் சேர்த்து ஒரு பெருஞ் சாப்பாடு. பதினொரு மணிக்குப் படுக்கை. பல குடும்பங்களின் நாள் இவ்வாறே கழிகின்றது. வாசலுக்கே உணவைக் கொணரும் ஸ்விக்கி நிறுவனம் 2014-ல் இந்நகரிலேதான் தோன்றியது என்பதும், உணவு விடுதிகள் இரவு ஒரு மணி வரை திறந்திருக்க 2024-ல் மாநில அரசு இசைவளித்தது என்பதும் இந்நிலைக்குப் பொருத்தமாகவே உள்ளன.

உட்கார்ந்து பணிபுரியும் 65 கிலோ எடையுள்ள ஆடவருக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1,660 கலோரியும் போதுமென ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டவியல் நிறுவனம் 2020-ல் கணித்தது. மேற்சொன்ன வகையில் உண்பவர், இவ்வளவில் ஏறத்தாழப் பாதியை இரவு ஒரே வேளையில் உட்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் உறங்கச் செல்கின்றார். உண்ணும் மொத்த அளவு மிகாதிருப்பினும் இதனால் தீங்குண்டா? உணவு எது, எவ்வளவு என்னும் இரு வினாக்களையே நெடுங்காலம் ஆராய்ந்துவந்த ஊட்டவியல், எப்பொழுது என்னும் மூன்றாம் வினாவை அண்மைக் காலத்திலேதான் முறையாக எடுத்துக்கொண்டது.

உடலின் கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில், கண்களிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, பல்லாயிரம் நரம்பணுக்களைக் கொண்ட இரு சிறு திரள்கள் இருக்கின்றன. இவையே உடலின் தலைமைக் கடிகாரம். கண்வழியே புகும் பகலொளியைக் கொண்டு இக்கடிகாரம் நாள்தோறும் தன்னைச் சரிப்படுத்திக்கொள்கின்றது. உறக்கம், உடலின் வெப்பம், நாளமில்லாச் சுரப்பிகளின் வேலை ஆகியவை ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஏறி இறங்குவது இதனால்தான்.

இத்தகைய கடிகாரம் உயிரணுவுக்குள்ளேயே இயங்குகிறதென்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்துறையில் இந்தியாவின் பங்கும் சிறிதன்று. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் உயிர்க்காலவியலை வேரூன்றச் செய்தவர் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். மதுரையை அடுத்த குகைகளில் வாழும் வௌவால்கள், ஒளியே புகாத ஆழத்தில் இருந்துகொண்டு அந்தி வேளையை எவ்வாறு அறிகின்றன என்பது அவருடைய குழுவினர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. கூண்டில் அடைத்த ஒரு வௌவாலைக் குகையில் தன் கூட்டத்தினிடையே வைத்தபோது, அக்கூட்டம் வெளியே பறக்கும் வேளையிலேயே அதுவும் சிறகடித்தது. ஆளில்லாக் குகையில் தனியே வைத்தபோதோ, அதன் காலக் கணக்கு நாள்தோறும் சிறிது சிறிதாக விலகிச் சென்றது. ஒளியைப் போலவே உடனிருப்போரின் பழக்கமும் கடிகாரத்தைத் திருத்தக்கூடும் என்பது இதனாற் புலப்பட்டது. மனிதரின் உணவு வேளையும் வீட்டாரையும் உடன் பணிபுரிவோரையும் பின்பற்றியே அமைகின்றது என்பதை நினைக்கும்போது, அந்த வௌவால் நமக்கு அத்துணை அயலானதன்று.

பேராசிரியர் பின்னர்ப் பெங்களூருவின் ஜக்கூரில் 1989-ல் நிறுவப்பெற்ற ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தில் தம் பணியைத் தொடர்ந்தார். அங்கே நடந்த பிற்கால ஆய்வொன்றில், கூட்டுப் புழுவிலிருந்து காலையில் வெளிவரும் பழ ஈக்களையும் மாலையில் வெளிவரும் பழ ஈக்களையும் தனித்தனியே பிரித்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். நாளடைவில் அவ்விரு குலங்களின் கடிகார வேகமே வேறுபட்டுவிட்டது. கடிகாரம் பரம்பரையாக வருவது. மாறக்கூடியதுதான், ஆயினும் மாறுவதற்குப் பல தலைமுறைகள் வேண்டும். ஓர் அலுவலகம் தன் வேலை நேரத்தை மாற்றுவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

தலைமைக் கடிகாரத்தைத் தவிர, கல்லீரல், கணையம், குடல், கொழுப்புத் திசு ஆகியவற்றிலும் துணைக் கடிகாரங்கள் உண்டு. இவற்றுக்கு ஒளி எட்டுவதில்லை. தலைமைக் கடிகாரத்தின் ஆணையோடு உணவு வந்து சேரும் நேரத்தையும் கொண்டே இவை தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. உணவு நேரத்தை மாற்றினால் கல்லீரலின் கடிகாரம் நகர்ந்துவிடுகின்றது, மூளையிலுள்ள கடிகாரமோ நகர்வதில்லை என்பது எலிகளிடம் தெளிவாகக் காணப்பட்டது. நாள்தோறும் நள்ளிரவை அடுத்து உண்பவருடைய உடலிலும் இத்தகைய பிணக்கு நேருமென்றே ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஒரே உடலின் ஒரு பகுதி இரவென்று அடங்க, மற்றொரு பகுதி பகலென்று வேலை தொடங்குகின்றது.

இரவில் உண்ட உணவு என்ன ஆகின்றது?

முதலில் சர்க்கரையைக் கவனிப்போம். உண்ட சோறு குளூக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கும்போது, கணையம் இன்சுலினைச் சுரந்து அதனைத் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் அனுப்பிவைக்கின்றது. இவ்வேலை காலையில் திறம்பட நடைபெறும். மாலைக்குப் பின் மந்தமடையும். அமெரிக்காவில் ஆரோக்கியமான 14 பேரிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், அதே உணவைக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கொடுத்துப் பார்த்தனர். இரவில் இரத்தச் சர்க்கரை நூற்றுக்கு 17 பங்கு கூடுதலாக உயர்ந்தது. தட்டில் வேற்றுமை இல்லை, வேளையில்தான் வேற்றுமை. இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி வெளியிடும் மெலடோனின் என்னும் பொருள், கணையத்தின் இன்சுலின் சுரப்பைத் தணிப்பதும் இதற்கு ஒரு காரணம். உறங்கும் நேரம் நெருங்க நெருங்க மெலடோனின் மிகுகின்றது. எனவே ஏழு மணிச் சாப்பாட்டையும் பத்தரை மணிச் சாப்பாட்டையும் உடல் ஒன்றாகவே கருதுகின்றதெனக் கூற இயலாது.

அடுத்தது இரைப்பை. இரவில் அது தன் உணவைக் குடலுக்குத் தள்ளுவது தாமதமாகின்றது. நெய்யும் எண்ணெயும் மிகுந்த உணவாயின் தாமதம் மேலும் நீளும். உணவுக் குழலும் இரைப்பையும் கூடுமிடத்தில் ஒரு வளையத் தசை உண்டு. நிறைந்த இரைப்பையோடு படுத்தால் அத்தசை தளரும் நேரமெல்லாம் அமிலம் மேலேறுகின்றது. நிற்கும்போது புவியீர்ப்பு அதனைக் கீழிறக்கிவிடும். படுத்தவருக்கு அத்துணை இல்லை. உறக்கத்தில் உமிழ்நீரும் குறைந்துவிடுவதால் அமிலத்தைக் கழுவுவாரும் இல்லை. நள்ளிரவில் நெஞ்செரிச்சல், விடியற்காலையில் புளித்த ஏப்பம், காரணம் விளங்காத வறட்டிருமல் ஆகியவற்றுக்கு இதுவே பெரும்பாலும் அடிப்படை.

உறக்கம் கெடுவதும் இவ்வழியேதான். உறக்கம் கெட்டால் மறுநாட் பசி மிகும் என்பது சிகாகோ பல்கலைக் கழகத்தார் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வினால் தெளிவாயிற்று. பன்னிரண்டு இளைஞரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கச் செய்தபோது, பசியைத் தணிக்கும் லெப்டின் நூற்றுக்கு 18 பங்கு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 பங்கு உயர்ந்தது. அவர்கள் இனிப்பையும் உப்புத் தின்பண்டங்களையும் மிகுதியாக விரும்பினர். இரவில் மிகுதியாக உண்டவர் சரிவர உறங்குவதில்லை. உறங்காதவர் காலையில் மந்தமாக எழுந்து உணவை வெறுத்து, மாலையில் அடக்கவொண்ணாப் பசியோடு மீண்டும் மிகுதியாக உண்கின்றார். இச்சுழற்சியில் அகப்பட்டவரைப் 'பெருந்தீனிக்காரர்' என்று வீட்டார் பழிப்பது நியாயமன்று.

உடல் பருக்குமா?

இங்கே ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனை மறைக்காமல் கூறுவதே முறை.

எலிகளைப் பொறுத்தவரை முடிவு ஐயத்துக்கிடமற்றது. இரவில் இயங்கி இரவில் உண்ணும் பிராணிகளான அவற்றுக்குக் கொழுப்பு மிகுந்த உணவைப் பகலில் மட்டும் கொடுத்தபோது, இரவில் மட்டும் உண்டவற்றைக் காட்டிலும் அவை வெகுவாகப் பருத்தன. ஒடிசாவில் பிறந்து இப்பொழுது அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ஆராய்ந்துவரும் சச்சின் பாண்டாவின் குழுவினர் 2012-ல் மற்றொன்றைக் காட்டினர். அதே அளவு கொழுப்புணவை, எலிகளின் இயற்கையான வேளைக்குள் எட்டு மணி நேரத்தில் உண்டு முடிக்கச் செய்தால், எந்நேரமும் கொறிக்கும் எலிகளுக்கு வரும் பருமனும் கல்லீரற் கொழுப்பும் அவற்றை அணுகுவதில்லை.

மனிதரிடம் இவ்வளவு தெளிவு இல்லை. இஸ்ரேலில் உடல் பருத்த 93 பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,400 கலோரி வீதம் 12 வாரங்கள் உணவளித்து, 2013-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு சாராருக்குக் காலையில் 700, இரவில் 200. மற்றொரு சாராருக்கு இதன் மறுதலை. காலையில் மிகுதியாக உண்டவர்கள் சராசரி 8.7 கிலோவும், இரவில் மிகுதியாக உண்டவர்கள் 3.6 கிலோவும் எடை குறைந்தனர். இம்முடிவு உலகெங்கும் பரவிற்று. ஆனால் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 30 பேருக்கு எல்லா உணவையும் ஆய்வாளரே அளந்து கொடுத்து 2022-ல் வெளியிட்ட சோதனையில், இரு முறைகளிலும் எடை ஒரே அளவாகவே குறைந்தது. காலையில் மிகுதியாக உண்டவர்களுக்குப் பசி மட்டும் குறைவாக இருந்தது.

இந்தப் 'பசி மட்டும்' என்பதிலேதான் விஷயம் அடங்கியிருப்பதாகத் தோன்றுகின்றது. அதே ஆண்டில் பாஸ்டன் நகரில் 16 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவும் வெளிவந்தது. உணவு வேளைகளை ஏறத்தாழ நான்கு மணி நேரம் பின்தள்ளியபோது, பகற்பசி மிகுந்தது, லெப்டின் குறைந்தது, உடல் செலவிடும் சக்தியும் சற்றுக் குறைந்தது. ஆராய்ச்சிச் சாலையில் உணவை அளந்து கொடுப்பவர் உண்டு. வீட்டில் அங்ஙனம் இல்லை. எனவே இரவுச் சோறு தன்னளவில் பகற்சோற்றைவிட மிகுந்த கலோரி தருவதில்லை எனினும், அது மேலும் உண்ணத் தூண்டுவதால் பருமனுக்கு வழிகோலுகின்றது என்பதே இன்றைய நிலையில் பொருந்தும் முடிவாகும். இரத்தச் சர்க்கரையைப் பற்றிய சான்றோ இதனினும் உறுதியானது.

இந்தியருக்கு இதில் தனி அக்கறை வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல், அதாவது வயதுவந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர், நீரிழிவு உடையவர்கள். நோயின் விளிம்பில் நிற்பவர் ஏறத்தாழ 13.6 கோடி. இந்தியர் கைகால் மெலிந்து காணப்படினும் வயிற்றினுள்ளே கொழுப்பைத் தேக்கும் உடலமைப்பு உடையவர்கள் என்பது மருத்துவர் நன்கறிந்ததே. ஆதலின் இடுப்புச் சுற்றளவு ஆடவருக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்டிருக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டாதிருத்தல் நலம். நம் உணவில் கலோரியின் பெரும்பங்கு அரிசி, கோதுமை, சர்க்கரை ஆகியவற்றிலிருந்தே வருகின்றது. இன்சுலின் மந்தமடையும் வேளையில் அப்பங்கு முழுவதும் வந்திறங்கினால் விளைவு கூறவேண்டியதில்லை. இட்லி இலேசான உணவு என்பதற்காக இரவில் எட்டுப் பத்து என்று உண்பவரும் உளர். அதுவும் பெரும்பாலும் அரிசியே என்பதை நாவு மறந்தாலும் கணையம் மறப்பதில்லை.

இரவுப் பணியாளர்

பிற கண்டங்களின் பகலை ஒட்டிப் பெங்களூருவின் இரவில் வேலை செய்வோர் பலர். செவிலியர், காவலர், வாடகைக் கார் ஓட்டுவோர், உணவைக் கொண்டு சேர்க்கும் இளைஞர் ஆகியோரும் இக்கூட்டத்தினரே. இவர்களிடம் இரவில் உண்ணாதீர் என்பது எளிது. உண்ணாமல் எங்ஙனம் வேலை செய்வது என்பதற்கு விடை வேண்டும். 2021-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓரளவு வழிகாட்டுகின்றது. இரவுப் பணியைப் போன்ற சூழ்நிலையில் 19 பேர் வைக்கப்பட்டனர். இரவிலும் உண்டவர்களின் சராசரி இரத்தச் சர்க்கரை நூற்றுக்கு 6.4 பங்கு உயர்ந்தது. பணி இரவிலாயினும் பகலில் மட்டும் உண்டவர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. ஆய்வு சிறியது, ஆரோக்கியமான இளைஞரிடம் நடந்தது. எனினும் பணிக்குச் செல்லுமுன் மாலையிலேயே முக்கியமான சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நள்ளிரவில் பசித்தால் மோர், சுண்டல், வேர்க்கடலை, பழம் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்கு இது போதிய ஆதரவளிக்கின்றது. அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகள் இரவு இரண்டு மணிக்குப் பிரியாணியும் பரோட்டாவும் மட்டுமே வைத்திருந்தால் பணியாளரின் மனவுறுதியைக் குறைகூறிப் பயனில்லை.

வழக்கமும் நோயும்

இரவில் மிகுதியாக உண்பது பெரும்பாலோருக்கு வழக்கம். சிலருக்கோ அது நோய். அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு 1955-ல் இதனை முதன்முதலாக விவரித்தார். காலையில் உணவில் வெறுப்பு, மாலைக்குப் பின் மிகுந்த தீனி, உறக்கமின்மை ஆகிய மூன்றும் கூடியிருப்பதே அதன் அடையாளம். பின்னர், நள்ளிரவில் விழித்தெழுந்து உண்டாலன்றி மீண்டும் உறக்கம் வராத நிலையும் இதனுடன் சேர்க்கப்பட்டது. மனச்சோர்வுடையவரிடம் இது மிகுதியாகக் காணப்படுகின்றது. இத்தகையோர் வெட்கத்தால் ஒளித்து உண்பதும், உண்டதை எண்ணி மறுநாள் வருந்துவதும் உண்டு. சமையலறையைப் பூட்டிவைப்பது இதற்கு மருந்தாகாது. மனநல மருத்துவரை நாடினால் குணப்படுத்தத் தக்கதே.

வழக்கமாக மட்டும் இருப்பின் மாற்றம் இரவிலன்று, மாலையிலேயே தொடங்க வேண்டும். ஐந்து, ஆறு மணிக்கு அலுவலகத்திலேயே ஒரு கிண்ணம் சுண்டலோ, இரண்டு வாழைப்பழமோ, கேழ்வரகுக் கூழோ உண்டவர், ஒன்பது மணிக்குப் பசியால் துடிப்பதில்லை. பெருஞ் சாப்பாடு காலைக்கும் நண்பகலுக்கும் உரியதாகட்டும். பழைய மைசூர்ச் சீமையின் உழவர் கேழ்வரகுக் களியை உண்டு வயலுக்குச் சென்றது உழைப்புக்கு முன்னரே தவிர, உறக்கத்துக்கு முன்னர் அன்று. நகரில் வாழும் சமணர் பலர் கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பர். அவர்தம் காரணம் உயிர்க்கொலை நீக்கல் என்னும் அறத்தைச் சார்ந்தது. அத்துணைக் கட்டுப்பாடு எல்லோர்க்கும் இயலாது. உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று மணி நேரம் விடுவது இயலும். அதற்கும் வழியில்லாத நாளில் அளவைப் பாதியாக்கி, காய்கறியும் பருப்பும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் சிறிதளவு கொள்ளலாம். உண்டபின் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது இரத்தச் சர்க்கரையைத் தணிக்கும். நெஞ்செரிச்சல் உடையவர் இடப்பக்கமாகப் படுப்பது நலம். இரைப்பையின் அமைப்பு காரணமாக அமிலம் அப்பொழுது எளிதில் மேலேறுவதில்லை.

இவ்வறிவுரை எல்லோருக்கும் உரியதன்று. எடை குறைந்தவர், கருவுற்ற பெண்டிர், காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், வளரும் குழந்தைகள் ஆகியோருக்கு இரவுணவைக் குறைக்கலாகாது. நீரிழிவுக்காக இன்சுலின் செலுத்திக்கொள்வோரும், இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரைகளை உட்கொள்வோரும் இராப் போசனத்தைத் தாமாகவே விட்டுவிட்டால், உறக்கத்தில் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். உடலில் வியர்வை பெருகுதல், நடுக்கம், குழப்பமான கனவு, காலையில் தலைவலி ஆகியவை அதன் அறிகுறிகள். மருத்துவரிடம் கூறி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்ட பின்னரே இவர்கள் உணவு வேளையை மாற்றலாம்.